பழச்சாறு எடுக்க மின்துடிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழத்தைப் பிழிவதற்கு முன்னால், மிகக் குறுகிய மின்துடிப்புகளை அதன் வழியாகச் செலுத்தினால் சாறும் நிறமும் சத்தும் எளிதாக வெளியே வருகின்றன. 'பல்ஸ்டு எலக்ட்ரிக் ஃபீல்ட்' என்ற ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளை வைத்து இந்த முறையைத் தொழிலில் 'பி.இ.எஃப்.' என்பார்கள். உணவுப் பதப்படுத்துதல் படிக்கும் மாணவர்களும், சிறிய அளவில் ஜூஸ் தொழில் செய்பவர்களும், வெறும் ஆர்வத்தால் கேட்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பழத்துக்கு ஷாக் கொடுத்தால் சாறு கூடுமா? நம்பும்படி இல்லையே.

கூடும். அதை நம்ப வேண்டுமானால், பழத்துக்குள் சாறு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பழம் என்பது கோடிக்கணக்கான செல்கள் சேர்ந்தது. ஒவ்வொரு செல்லும் ஒரு சிறிய தண்ணீர்ப் பை. அந்தப் பையின் பெரும்பகுதியை வாக்குவோல் என்கிற உள்பை அடைத்துக்கொண்டிருக்கும். சர்க்கரை, புளிப்பு, கறுப்பு திராட்சையின் நிறம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதைச் சுற்றி ஒரு சவ்வு, செல்லைச் சுற்றி இன்னொரு சவ்வு, அதற்கும் வெளியே செல் சுவர். சுவர் சல்லடை மாதிரி, சாற்றை ஓரளவு விட்டுவிடும். சவ்வுதான் விடாது. உயிருள்ள செல்லுக்குச் சவ்வுதான் காவல்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பீட்ரூட்டை வட்டமாக நறுக்கி இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றை ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்துவிட்டு மறுநாள் இளகவிடுங்கள். இன்னொன்று நறுக்கியபடியே இருக்கட்டும். இரண்டையும் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, தனித்தனி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். அலசுவது முக்கியம், கத்தி பட்ட செல்களின் சாயம் முதலில் போய்விட வேண்டும். பச்சைத் துண்டு கிடக்கும் தண்ணீர் லேசான ரோஸ் நிறத்தோடு நின்றுவிடும். உறைந்து இளகிய துண்டு போட்ட டம்ளரோ சில நிமிஷங்களில் குங்குமம் கரைத்தது போல் ஆகிவிடும். அந்தத் துண்டைக் கையில் எடுத்து அழுத்தினால் நனைந்த ஸ்பாஞ்சு மாதிரி சாறு ஒழுகும், பச்சைத் துண்டு விரலுக்கு அசையவே அசையாது. பீட்ரூட் அதேதான், கத்தி அதேதான். பனிக்கட்டி சவ்வைக் கிழித்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்துடிப்பு செய்வதும் இதே வேலைதான். உறைய வைக்காமல், வேக வைக்காமல், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் செய்கிறது.

மின்சாரம் சவ்வில் எப்படி ஓட்டை போடுகிறது?

சவ்வு மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் கூறாகப் பிரித்தால் அதில் ஒரு கூறுதான் அதன் தடிமன். செல்லுக்குள்ளும் வெளியிலும் உப்பு கரைந்த நீர் இருப்பதால் அங்கே மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பாலான சவ்வில் போகாது. எனவே வெளியிலிருந்து மின்புலம் (ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு எத்தனை வோல்ட் என்று அளப்பது) வைத்ததும் சவ்வின் இரண்டு பக்கமும் எதிரெதிர் மின்னூட்டம் வந்து குவிகிறது. அதனால் சவ்வின் மேல் விழும் மின்னழுத்தம் ஏறக்குறைய 1 வோல்ட்டைத் தாண்டினால் சவ்வு தாங்காது, ஆங்காங்கே திறந்துகொள்ளும்.

1 வோல்ட் என்றால் சாதாரணமாகத் தோன்றும், ஒரு பென்டார்ச் பேட்டரி அதைவிட அதிகம் தரும். ஆனால் அது விழும் இடத்தின் தடிமனைப் பாருங்கள். சென்டிமீட்டர் கணக்கில் சொன்னால் 20 லட்சம் வோல்ட் மின்புலத்துக்குச் சமம்.

கணக்கும் எளிதுதான். உருண்டையான செல்லின் சவ்வில் விழும் அழுத்தம் = மின்புலம் × செல்லின் ஆரம் × 1.5. ஆப்பிளின் சதைச் செல்லை 0.1 மில்லிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொள்வோம். சென்டிமீட்டருக்கு 1,000 வோல்ட் என்றால் மில்லிமீட்டருக்கு 100 வோல்ட். 100 × 0.05 × 1.5 = 7.5 வோல்ட். தேவையைவிடப் பல மடங்கு. அதனால்தான் பழத்துக்குச் சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு கிலோவோல்ட்டே பெரும்பாலும் போதும்.

அதே மின்புலத்தில் ஒரு பாக்டீரியாவை வையுங்கள். அதன் குறுக்களவு ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர். சவ்வில் விழுவது 0.075 வோல்ட். அதற்கு ஒன்றும் ஆகாது. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் இந்தத் துறையின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கிருமியைப் பற்றிய கேள்வியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

விழும் ஓட்டைகள் இரண்டு வகை. லேசான துடிப்பில் விழுந்த ஓட்டை தானே மூடிக்கொள்ளும், செல் பிழைத்துவிடும். பலமான துடிப்பில் விழுந்தது மூடாது. சாறு எடுக்க நமக்கு வேண்டியது மூடாத ஓட்டை. உயிரியல் ஆய்வகங்களில் செல்லுக்குள் டி.என்.ஏ.வை நுழைக்க, மூடிக்கொள்ளும் வகையைப் பயன்படுத்துகிறார்கள்.

கரண்ட் பில் எகிறிவிடாதா?

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் இந்த முறையின் பெரிய பலமே இதுதான். ஒரு துடிப்பு மைக்ரோநொடிக் கணக்கில்தான் நீடிக்கும். 20 மைக்ரோநொடித் துடிப்பு 50 கொடுத்தால்கூட மின்சாரம் பாய்ந்த மொத்த நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பழத்தின் செல்களைத் திறக்கக் கிலோவுக்கு 1 முதல் 10 கிலோஜூல் வரை செலவாகும். அதிகபட்சமான 10-ஐ எடுத்துக்கொண்டாலும், ஒரு டன் பழத்துக்கு 10,000 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். ஆக, ஒரு டன்னுக்கு 3 யூனிட்டுக்கும் குறைவு. அதே ஒரு டன் பழ மசியலைச் சூடாக்கி, 50 டிகிரி கூட்டி, செல்களை இளக்க வேண்டுமானால் 50 யூனிட்டுக்கு மேல் போகும்.

பழத்தின் சூடு ஏறுவதும் 2, 3 டிகிரி மட்டுமே. கையை வைத்துப் பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது.

யார் முதலில் செய்தார்கள்?

ஒடெசாவில் ஃப்ளாவ்மென்பாம் என்பவர் 1940-களின் கடைசியிலேயே ஆப்பிளில் மின்சாரத்தைச் செலுத்திச் சாற்றைக் கூட்டிக் காட்டினார். அப்போது துடிப்புத் தொழில்நுட்பம் கைக்கு வரவில்லை, சாதாரண மாறுமின்னோட்டத்தை வைத்துத்தான் வேலை செய்தார்கள். ஜெர்மனியின் ஹைன்ஸ் டோவன்ஸ்பெக் 1960-ல் துடிப்பு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். செல்கள் சாவது சூட்டால் அல்ல, சவ்வு உடைவதால்தான் என்று 1967-ல் இங்கிலாந்தில் சேல், ஹாமில்டன் இருவரும் நுண்ணுயிரிகளை வைத்து நிறுவினார்கள். பிறகு பெர்லினில் டீட்ரிக் க்னோர், பிரான்சின் கொம்பியேனில் வொரோபியேவ், ஸ்பெயினின் சரகோசாவில் ஹாவியர் ராசோ ஆகியோரின் குழுக்கள் பழம், காய், திராட்சை என்று ஆழமாகப் போனார்கள்.

சரி, எவ்வளவு சாறு கூடும்?

நேர்மையான பதில்: பழத்தையும், அதை எப்படி அரைக்கிறீர்கள் என்பதையும், என்ன பிரஸ் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. ஆப்பிளில் வெளியான முடிவுகள் 'ஒன்றும் கூடவில்லை' என்பதிலிருந்து 10 சதவீதத்தை ஒட்டி வரை பரவிக் கிடக்கின்றன. விளம்பரத்தில் வருவது எப்போதும் மேல் எண்தான், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஆப்பிளை மையாக அரைத்துவிட்டால் அரவை இயந்திரமே பெரும்பாலான செல்களைக் கிழித்திருக்கும். மின்துடிப்புக்கு அங்கே வேலை மிச்சமில்லை. தேங்காய்ப்பூ மாதிரி பெரிதாகத் துருவினால் உள்ளே உடையாத செல்கள் நிறைய இருக்கும், அங்கேதான் துடிப்பு பலன் காட்டும்.

அப்படியானால் மையாக அரைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் பிரஸ் இயக்குபவரின் அனுபவம் பேசும். மை போன்ற மசியலைப் பிரஸ்ஸில் வைத்தால் சாறு வெளியேற வழி இருக்காது, நார் அடைத்துக்கொள்ளும், துணியில் வழுவழுவென்று ஒட்டும், வருகிற சாறும் கலங்கலாக இருக்கும். பெரிய துருவலில் துண்டுகளுக்கு நடுவே சாறு வடிய வாய்க்கால் இருக்கிறது. துருவலைப் பெரிதாக வைத்துக்கொண்டு, செல்லைத் திறக்கும் வேலையைத் துடிப்பிடம் கொடுத்தால், சாறும் தெளிவாக வரும், பிரஸ்ஸும் திணறாது. இந்த முறையின் உண்மையான லாபம் இதுதான் என்பது என் கருத்து. சதவீதக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

கேரட் ஆப்பிளைவிடக் கெட்டி, அதில் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆரஞ்சில் சாறு ஏற்கெனவே சுளைக்குள் சிறு பைகளில் தளும்பிக்கொண்டிருக்கிறது, பிழிந்தால் வந்துவிடும், துடிப்பு பெரிதாக எதையும் கூட்டாது. ஆனால் அதன் தோல் வேறு விஷயம்.

சத்தும் கூடுமா, சாறு மட்டும்தானா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கறுப்பு திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பழத்தை நசுக்கிப் பாருங்கள், சதை வெளிறிய பச்சை, சாறும் அப்படியே. நிறம் முழுவதும் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆந்தோசயனின் என்கிற அந்த நிறப்பொருள் தோல் செல்களின் வாக்குவோலுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதனால்தான் திராட்சை ஜூஸ் ஆலைகள் நசுக்கிய பழத்தைத் தோலோடு 60 டிகிரி வாக்கில் சூடாக்குகின்றன. ரெட் ஒயின் தயாரிப்பவர்கள் தோலைச் சாற்றோடு நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். இரண்டுமே அந்தப் பூட்டைத் திறக்கச் செய்யும் ஏற்பாடு.

மின்துடிப்பு நேராகப் பூட்டுக்கே போகிறது. துடிப்பு கொடுத்த திராட்சையில் நிறமும், துவர்ப்புத் தரும் பாலிஃபீனால் என்கிற சத்துகளும் சீக்கிரம் இறங்குகின்றன, ஊறப்போடும் நாட்கள் குறைகின்றன. ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் சோதித்த பிறகு, சர்வதேசத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு 2020-ல் இதை ஏற்கத்தக்க முறையாகத் தீர்மானம் போட்டது.

நீரில் கரையும் பொருள்கள் இப்படிச் சாற்றோடு வந்துவிடும். கொழுப்பில் கரையும் பொருள்கள் அப்படி வராது. கேரட்டின் கரோட்டீன், தக்காளித் தோலின் லைகோபீன் ஆகியவை சவ்வைத் திறந்தாலும் தண்ணீரில் இறங்காமல் நார்ச்சத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை எடுக்க எண்ணெயோ வேறு கரைப்பானோ வேண்டும். துடிப்பு அந்தக் கரைப்பான் உள்ளே நுழைய வழி செய்து கொடுக்கும், அவ்வளவே. 'எல்லாச் சத்தும் பல மடங்கு' என்று யாராவது சொன்னால், எந்தச் சத்து, எதில் கரைவது என்று கேளுங்கள்.

மின்சாரம் பட்டு வைட்டமின் சி அழிந்துவிடாதா?

சூடு ஏறாததால் துடிப்பால் நேரடியாக அழிவது குறைவு. ஆபத்து அதற்கு அப்புறம்தான். நறுக்கிய ஆப்பிள் ஏன் பழுப்பாகிறது? செல்லுக்குள் தனித்தனி அறையில் இருந்த பாலிஃபீனாலும் அதைத் தாக்கும் நொதியும் காற்றோடு சந்தித்துவிடுகின்றன. துடிப்பு கொடுத்தால் ஒரே சமயத்தில் எல்லா அறைக் கதவும் திறக்கிறது. மசியலை அப்படியே திறந்த தொட்டியில் அரை மணி நேரம் விட்டுவிட்டால், எடுத்த சத்தைக் காற்றிடமே கொடுத்ததாகிவிடும். துடிப்பு கொடுத்ததும் தாமதிக்காமல் பிழிய வேண்டும், காற்றுப் படுவதைக் குறைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் செய்த சோதனைகளில் பாலிஃபீனால் குறைந்ததும் உண்டு. பழி துடிப்பின் மேல் விழுகிறது, தவறு தாமதத்தில் இருக்கிறது.

அப்படியே கிருமியும் செத்துவிடுமா? பாஸ்சரைஸ் செய்ய வேண்டாமா?

மேலே போட்ட கணக்குக்குத் திரும்புவோம். பாக்டீரியாவின் சவ்வில் 1 வோல்ட் விழ வேண்டுமானால் சென்டிமீட்டருக்கு 13 கிலோவோல்ட்டுக்கு மேல் வேண்டும். நடைமுறையில் 15 முதல் 40 வரை போகிறார்கள், ஆற்றலும் பல மடங்கு செலவாகும். ஆகவே சாறு எடுக்கக் கொடுக்கும் துடிப்பு கிருமியைக் கொல்லாது. அதைக் கொடுத்துவிட்டு 'பாதுகாப்பான ஜூஸ்' என்று விற்பது தவறு.

பலமான துடிப்பை வைத்து, சூடு குறைவாகக் கிருமி நீக்குவது தனி இயந்திரம், தனித் தொழில். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜெனிசிஸ் ஜூஸ் என்ற நிறுவனம் 2005-ல் அப்படிப்பட்ட ஜூஸைக் கடைக்குக் கொண்டுவந்தது. நெதர்லாந்திலும் அப்படிப்பட்ட ஜூஸ் விற்பனைக்கு வந்தது. அதிலும் பாக்டீரியாவின் ஸ்போர்கள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலை) சாகாது, பழ நொதிகள் பலவும் தப்பிவிடும். அதனால் புளிப்பான சாறுகளுக்கே இது பொருந்தும், அதையும் குளிரில்தான் வைக்க வேண்டும்.

மெஷின் எப்படி இருக்கும்?

மூன்று பகுதி. மின்சாரத்தை மின்தேக்கிகளில் சேமித்து ஒரே மூச்சில் விடும் துடிப்புப் பெட்டி, இரண்டு மின்முனைகள் உள்ள ஒரு குழாய் அல்லது தொட்டி, பழத்தைத் தள்ளும் பம்பு அல்லது பெல்ட். மசியலாக இருந்தால் குழாய் வழியே பம்பு செய்வார்கள். முழுப் பழமோ காயோ என்றால் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கடத்துவார்கள். துடிப்புப் பெட்டிகளில் ஒரு வகைக்கு மார்க்ஸ் ஜெனரேட்டர் என்று பெயர். எர்வின் மார்க்ஸ் 1924-ல் உருவாக்கிய அமைப்பு. மின்தேக்கிகளைப் பக்கவாட்டில் இணைத்து நிரப்பி, தொடராக மாற்றி விடுவிப்பதுதான் அதன் தந்திரம்.

ஓட்டுபவர்களுக்குத் தலைவலி கொடுப்பது காற்றுக் குமிழிதான். மசியலில் குமிழி மாட்டினால் அந்த இடத்தில் தீப்பொறி தாவும். மின்முனை கருகும், இயந்திரம் நிற்கும்.

நம் ஊர்ப் பழங்களுக்கு ஒத்து வருமா?

பழத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி ஆலைகளில் மாம்பழத்தைச் சாறாகப் பிழிவதில்லை, சதையை முழுவதுமாகச் சல்லடையில் தேய்த்துக் கூழாக எடுக்கிறார்கள். அங்கே எதுவும் பூட்டிக் கிடக்கவில்லை, துடிப்புக்குப் பெரிய வேலையில்லை. கொய்யாவும் ஏறக்குறைய அப்படியே.

நிறம் தோலில் இருக்கும் பழம்தான் முதலில் முயல வேண்டியது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை எனக்கு உடனே நினைவுக்கு வருகிறது. நாவல் பழமும் அப்படித்தான். நெல்லிக்காய் கெட்டியான, நார் நிறைந்த சதை, உள்ளே நீரில் கரையும் வைட்டமின் சி. அதுவும் பொருத்தமானது. நெல்லியை ஃப்ரீசரில் வைத்து இளகவிட்டுப் பிழியும் வீடுகளில் அது எவ்வளவு சுலபமாகப் பிழிபடும் என்று தெரிந்திருக்கும். சவ்வு உடைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

பெக்டினேஸ் நொதி போட்டாலே சாறு வருகிறதே, இது எதற்கு?

இரண்டும் வேறு வேலை. நொதி, செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைக்கிறது. துடிப்பு சவ்வைத் திறக்கிறது, பெக்டினைத் தொடாது. நொதிக்கு ஒரு மணி நேரமாவது, பெரும்பாலும் 50 டிகிரிச் சூடும் வேண்டும். துடிப்புக்கு நொடி போதும். தெளிந்த ஆப்பிள் ஜூஸ் வேண்டுமானால் பெக்டினை எப்படியும் நீக்கத்தான் வேண்டும், அங்கே நொதியைத் தவிர்க்க முடியாது. கலங்கலாகவே விற்கும் சாற்றில் துடிப்பு மட்டும் போதும்.

பிழிந்த சக்கையில் பயன் உண்டா?

உண்டு, பலரும் பழத்தையே பார்த்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஆரஞ்சுத் தோல், திராட்சைச் சக்கை, ஆப்பிள் சக்கை எல்லாம் பாலிஃபீனால் சுரங்கம். துடிப்பு கொடுத்துவிட்டு ஊறப்போட்டால் ஆல்கஹால் குறைவாகவோ, வெறும் தண்ணீரிலோ கணிசமாக இறங்கும். ஈரமான, புதிய சக்கையாக இருக்க வேண்டும். காய்ந்த சக்கையில் சவ்வு ஏற்கெனவே சிதைந்துவிட்டது, துடிப்புக்குப் பலனில்லை.

குடிப்பவருக்கு ஏதாவது ஆபத்து?

சாற்றில் மின்சாரம் தங்காது, கதிர்வீச்சும் இல்லை. கவனிக்க வேண்டியது மின்முனைதான். துடிப்பு நீளமானால் மின்பகுப்பு நடந்து, உலோகம் நுண்ணிய அளவில் சாற்றில் கரையும். அதனால் துடிப்பைக் குறுக்கி, நேர், எதிர் என்று திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். டைட்டானியம் மாதிரி எளிதில் கரையாத உலோகத்தை வைக்கிறார்கள். இயந்திரம் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

வீட்டிலோ கல்லூரி புராஜெக்டிலோ நானே செய்து பார்க்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பல ஆயிரம் வோல்ட் ஏற்றிய மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும். இணையத்தில் மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து உயர் மின்னழுத்தம் எடுக்கும் காணொளிகள் வருகின்றன. அதைப் பார்த்து உயிரை விட்டவர்கள் உண்டு. மாணவர்கள் உயர் மின்னழுத்த ஆய்வகம் உள்ள கல்லூரியில், கூட ஆள் இருக்க, முறைப்படி செய்யுங்கள். வீட்டுக்கு ஃப்ரீசர் போதும்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லா ஜூஸ் ஆலையிலும் இல்லை?

துடிப்புப் பெட்டி விலை அதிகம். பழ ஆலைக்குச் சீசன் இரண்டு மூன்று மாதம், மிச்ச நாளெல்லாம் இயந்திரம் சும்மா கிடக்கும். வருஷம் முழுவதும் ஓடும் உருளைக்கிழங்கு ஆலைகள்தான் முந்திக்கொண்டன. பிரெஞ்சு ஃப்ரைஸ் செய்பவர்கள் முன்பெல்லாம் கிழங்கை 60 டிகிரி நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து இளக்குவார்கள். இப்போது பல நாடுகளில் துடிப்பு அந்த வேலையைச் செய்கிறது. துண்டு உடையாமல் வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும்.

துடிப்பு வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆய்வகத்தில் மின்கடத்தும் திறனை அளப்பார்கள். முழுமையான செல்கள் உள்ள பழம் குறைந்த அதிர்வெண்ணில் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, சவ்வுகள் தடுக்கும். சவ்வு திறந்ததும் கடத்தும் திறன் ஏறும். ஒன்றும் செய்யாத பழத்துக்கு 0, முழுவதும் சிதைந்ததற்கு 1 என்று வைத்து, நடுவில் எங்கே நிற்கிறது என்று கணக்கிடுவார்கள். 1-ஐ நெருங்கிய பிறகு துடிப்பைக் கூட்டுவது வீண் செலவு.

மீட்டர் இல்லாத இடத்தில் கைதான் மீட்டர். விரல் தடிமனுக்கு நறுக்கிய பச்சை உருளைக்கிழங்குத் துண்டை வளைத்தால் படக்கென்று முறியும். துடிப்பு பட்ட துண்டு, முருங்கைக்காய் வாடினது மாதிரி, முறியாமல் வளையும். ஆப்பிள் துண்டை இரண்டு விரலால் அழுத்தினால், விரலைச் சுற்றிச் சாறு முத்து முத்தாகக் கோத்து நிற்கும்.